நம்பர் வந்துச்சுங்களா

ஏப்ரல் 22, திங்கள்

இந்த டைரி கம்பெனியில் கொடுத்தது. போன வருஷத்தது. மிச்சமாகிவிட்டதென்று எங்கள் செக்கிங் செக்‌ஷனில் ஆளுக்கொன்று தள்ளிவிட்டார்கள். தேதி சரியாக இருக்கிறது, கிழமைதான் ஒத்துவரவில்லை. அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். கதை எழுதுவதற்கு இல்லை. இனி ஒரு மாசம் ஆபீஸ் ஆபீஸாக அலையப்போகிறேன். யார் என்ன சொன்னார்கள் என்று குறித்து வைத்தால்தான் “நான் எப்பம்மா சொன்னேன்” என்கிறவர் மூஞ்சிக்கு நேரே காட்ட முடியும்.

இன்று இலவச சீட்டுக்கு விண்ணப்பம் திறந்துவிட்டது. தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. ஃபீஸை அரசாங்கம் கட்டிவிடும். எங்கள் காம்பவுண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நீலக் கேட் பள்ளியில் எல்.கே.ஜி.க்குப் பன்னிரண்டு இடம். கடைசி நாள் மே 20.

இங்கிலீஷ் மோகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மகள் பாப்பா இரண்டு வருஷமாக என் செக்கிங் டேபிளுக்கு அடியில்தான் வளர்கிறாள். நான் பெட்ஷீட்டில் கறையும் நூல் பிசிறும் தேடிச் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன். அவள் கீழே உட்கார்ந்து அதே ஸ்டிக்கரைத் தன் காலில் ஒட்டிக்கொள்வாள். சூப்பர்வைசர் துரைராஜ் போன வாரம் சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்காரன் ஆய்வுக்கு வருகிறானாம். ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து குழந்தை கேட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் எனக்கும் சேர்த்துக் கணக்கு முடித்துவிடுவார்களாம். அங்கன்வாடி மதியத்தோடு சரி, எனக்கு விடுவதோ ஆறரை மணிக்கு. நீலக் கேட் பள்ளியில்தான் பக்கத்து வீட்டு ருக்மணியக்கா ஆயாவாக இருக்கிறார். “சீட்டு மட்டும் வாங்கு கோகிலா, சாயந்தரம் எங்கூடக் கூட்டியாந்தர்றேன்” என்றார். இந்தக் கரூரில் எனக்கு இருக்கிற ஒரே வழி இதுதான்.

பாப்பாவின் அப்பா ஹைதராபாத்தில் பஸ் பாடி கட்டுகிற இடத்தில் பெயிண்டர். வேலை நெருக்கடி. ஆடிக்கு வருகிறார்.

ஏப்ரல் 24, புதன்

காலையில் பெர்மிஷன் போட்டுவிட்டு இ-சேவை மையம் போனேன். பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் இருக்கிறது. வருமானச் சான்று மட்டும் வாங்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் பெயர் ஷர்மிளா. கை வேகம், வாய் அதைவிட வேகம். என் பெயரைத் தட்டினதும், பதிவு செய்த போனுக்கு ஆறு இலக்க நம்பர் போயிருக்கிறது, சொல்லுங்கள் என்றாள். பதிவு செய்த போன் அவருடையது. கல்யாணமான புதிதில் வீட்டுக்கே அந்த ஒரு போன்தான்.

கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

“நம்பர் வந்துச்சுங்களா?”

“ம். நாலு ஒண்ணு எட்டு சைபர் ஒம்பது மூணு.”

“சாப்டீங்களா?”

“ஆச்சு. வெக்கட்டா?”

418093. இன்றைக்குப் பேசினோம் என்பதற்காகக் குறித்து வைக்கிறேன்.

ஷர்மிளா சொன்னாள்: “ஏனுங்க்கா, ஆதாருக்குக் கைரேகை வெச்சா நம்பரை உங்க போனுக்கே மாத்திரலாமே. எதுக்கு ஒவ்வொரு தடவையும் அவருகிட்டக் கேக்கறீங்க?” நேரமில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றேன். நேரம் நிஜமாகவே இல்லை.

இன்னொன்று. ரேஷன் கார்டில் இப்போது இரண்டு பெயர்தான் காட்டுகிறதாம். நான், பாப்பா. அவர் பெயர் இந்த மாசம் ஐந்தாம் தேதி நீக்கப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் தப்பாக இருக்கும். போன வருஷம் எங்கள் தெருவில் உயிரோடு இருந்த ஒருவரையே செத்தவர் பட்டியலில் சேர்த்த கம்ப்யூட்டர்தானே. ஷர்மிளா அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, “இது அந்த நம்பருக்கு ஓ.டி.பி. போகாம நடக்காதுங்க்கா” என்றாள். வாய் வேகம் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

கம்பெனியில் கறை பிடித்த பீஸ் இரண்டை விட்டுவிட்டேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை. துரைராஜ் எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டினார்.

ஏப்ரல் 29, திங்கள்

வி.ஏ.ஓ.வைப் பார்த்தேன். நல்ல மனுஷன்தான், ஆனால் பேனா மூடியைத் திறக்கவே யோசிக்கிறவர்.

“புருசன் வருமானம் எங்கம்மா?”

“வெளியூர்ல இருக்காருங்க சார்.”

“இருக்கட்டும். கம்பெனி லெட்டர் வேணும். ரேசன் கார்டுல அவரு பேரே இல்ல. கூட இருக்காரா இல்லையா?”

“இருக்காருங்க.”

“அப்ப லெட்டர் கொண்டா. இல்லைன்னா, இறந்திருந்தா இறப்புச் சான்று. விவாகரத்துன்னா கோர்ட் ஆர்டர். ரெண்டும் இல்லாம விட்டுட்டுப் போயிருந்தா கைவிடப்பட்ட பெண்ணுன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா. அப்ப உன்ற வருமானம் மட்டும் போட்டுக் குடுத்துர்றேன். நாலுல ஒண்ணு சொல்லும்மா.”

நாலில் முதலாவதுதான் எங்கள் வீட்டுக் கதை. லெட்டர் வாங்கிவிடலாம்.

மே 2, வியாழன்

அவரிடம் லெட்டர் கேட்டேன். இங்கே அதெல்லாம் கொடுக்க மாட்டார்கள், கான்ட்ராக்ட் வேலை என்றார். கொஞ்சம் முயற்சி பண்ணுங்கள், பாப்பாவுக்கு என்றேன். பார்க்கலாம் என்றார். பின்னால் ஒரு குழந்தை ஏதோ கேட்டுச் சிணுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ரூம் குழந்தையாக இருக்கும். பெயிண்டர்களுக்கு வரிசை வீடுதானே கொடுப்பார்கள்.

பாப்பாவிடம் போனைக் கொடுப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

மே 3

லெட்டர் வரவில்லை.

மே 4

வரவில்லை. ருக்மணியக்கா வீட்டில் வடகம் பிழிய உதவினேன். “மாப்ள ஆடிக்கு எத்தன நாள் இருப்பாப்ல?” என்றார். ஒரு வாரம் என்றேன்.

மே 6, திங்கள்

லெட்டர் வராது என்று தெரிந்துவிட்டது. வேறு வழியில்லை, இது வெறும் காகிதம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இ-சேவை மையம் போனேன்.

ஷர்மிளா எதுவும் கேட்கவில்லை. அதற்கு மட்டும் அவளுக்கு நன்றி. ‘கைவிடப்பட்ட பெண் சான்றிதழ்’ என்ற வரியை அழுத்தினாள். உடனே திரை நம்பர் கேட்டது. எனக்கு அது தோன்றவே இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று எழுதிக் கொடுப்பதற்கும் அவரிடமே நம்பர் கேட்டு வாங்க வேண்டும்.

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். “பத்து நிமிசம்தாங்க்கா” என்றாள்.

“நம்பர் வந்துச்சுங்களா?”

“வந்துச்சு. எதுக்கு இது?”

“பாப்பா ஸ்கூலுக்குங்க.”

“ரெண்டு ஏழு ஏழு அஞ்சு ஆறு நாலு. நல்லாப் படிக்கட்டும்.”

நல்லாப் படிக்கட்டும் என்றார். 277564.

மே 8, புதன்

கைவிடப்பட்ட என்கிற அந்த வார்த்தையை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன், எழுத்துப் பிழை இல்லாமல் வரவேண்டும் என்பதற்காக. கம்பெனியில் தேறாத பீஸை ரிஜெக்ட் என்போம், ஓரத்தில் ஒரு பெட்டியில் போடுவோம். அதையும் கடைசியில் யாராவது மலிவாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். போதும், தூக்கம் வருகிறது.

மே 13, திங்கள்

இன்று நடந்ததை விட்டுவிடாமல் எழுத வேண்டும். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

வருவாய் ஆய்வாளர் மேடம் விசாரணைக்கு வந்தார். ஆர்.ஐ. வருவார் என்று வி.ஏ.ஓ. சொல்லியிருந்தாலும் காம்பவுண்டில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற நேரத்திலா வருவார் என்று நான் நினைக்கவில்லை. ருக்மணியக்கா பிளாஸ்டிக் சேர் போட்டார். மேடம் உட்கார்ந்து, சுற்றி நின்ற பொம்பளைகளைப் பார்த்து, “இந்தப் பொண்ணு வீட்டுக்காரரு இங்க வந்து போறாரா?” என்று கேட்டார்.

ருக்மணியக்காவுக்கு என்ன விஷயமென்று தெரியாது. என்னை விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். “தங்கமான மனுசனுங்க மேடம். ஹைதராபாத்துல வேலை. தெனமும் போன் பண்றாரு. ஆடிக்கு வர்றாருங்க, ஒரு வாரம் இருப்பாரு” என்றார்.

மூன்றாம் வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். போன தீபாவளிக்கு அவர் அனுப்பிய புடவையைப் பற்றியும் சொன்னாள். அந்தப் புடவையை நான்தான் வாங்கினேன். ஐந்து வீடும் ஒரே வார்த்தை. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மேடம் என்னைப் பார்த்தார். “ஏம்மா, காம்பவுண்டே வர்றாருங்குது. நீ மட்டும் விட்டுட்டுப் போயிட்டாருன்னு எழுதிக் குடுத்திருக்க. எதைம்மா நான் நம்பறது? சரி, அவரு நம்பரைப் போடு, ஸ்பீக்கர்ல வெய்யி.”

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“லோகநாதனுங்களா? கரூர்ல இருந்து ஆர்.ஐ. பேசறேன். கோகிலாங்கறவங்க யாரு உங்களுக்கு?”

“எம் பொண்டாட்டிங்க மேடம்” என்றார்.

“சேந்து வாழறீங்களா, பிரிஞ்சு இருக்கீங்களா?”

“பிரியறதெல்லாம் இல்லீங்க மேடம். வேலைக்கு வந்திருக்கேன். குடும்பம் அங்கதானுங்க. லீவு கெடச்சா வந்துருவேன்.”

எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளி, சீட்டு, ஜூன் ஒன்றாம் தேதி எல்லாமே மறந்துபோனது. மூன்று வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காது வைத்துக்கொண்டிருந்தேனோ அந்த வார்த்தை, எம் பொண்டாட்டி, காம்பவுண்டு முழுக்கக் கேட்கும்படி வந்தது. ருக்மணியக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மேடம் பேனாவை மூடினார். “அப்பறம் எப்படிம்மா நான் சர்ட்டிபிகேட்டுக்கு எழுதறது?”

மூடி போட்ட சத்தத்தில்தான் பாப்பா கண்ணில் பட்டாள். குழாயடியில் நின்று டம்ளரில் தண்ணீர் மொண்டு காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பொய்யிங்க மேடம்” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். போன் இன்னும் மேடம் கையில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. அவர் கேட்டால் கேட்கட்டும்.

“அவரு வரமாட்டாருங்க. மூணு வருசமா வரலீங்க. தெனமும் போன் பண்றதெல்லாம் இல்ல, நான் கூப்பிட்டாத்தான். அதுவும் ஓ.டி.பி. கேட்டாத்தான் எடுப்பாரு. ஆடிக்கு வர்றாருன்னு நானேதான் இவுங்ககிட்டச் சொல்லி வெச்சேன். புடவையும் நாந்தான் வாங்கினேன். அங்க ஒரு குழந்தை இருக்குங்க மேடம். அது அவரை அப்பான்னு கூப்பிடுது. ரெண்டு வருசமா எனக்குக் கேக்குது.”

ரேஷன் கார்டுப் பிரின்டைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். “பேரை நீக்கினது கம்ப்யூட்டர் இல்லீங்க. அவரேதான்.”

போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அந்தப் பக்கமிருந்து வைத்துவிட்டார்.

மேடம் பிரின்டை இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்து எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு ருக்மணியக்காவைக் கூப்பிட்டார். அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணையும் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வீட்டுக்காரி குடத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 24, மே 2, அங்கே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மே 15, புதன்

சான்றிதழ் வந்துவிட்டது. மேடம் பின்னாலேயே நின்று முடித்துக் கொடுத்திருக்கிறார். பச்சை மையில் கையெழுத்து. உடனே வருமானச் சான்றுக்கு மறுபடி போட உட்கார்ந்தோம். திரை நம்பர் கேட்டது.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏழு தடவை.

மே 16, வியாழன்

எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன். பார்த்திருக்கிறார், நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இல்லை. ஷர்மிளா தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். பெண் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்.

கைரேகை வைத்து நம்பரை மாற்றலாமா என்று கேட்டேன். “இப்பப் போட்டாலும் மாற நாலஞ்சு நாளாகுங்க்கா. அன்னைக்கே சொன்னேனே” என்றாள். அன்றைக்கே சொன்னாள்தான். அன்றைக்கு ஏன் மாற்றவில்லை? மாற்றிவிட்டால் அவரைக் கூப்பிட எனக்கு என்ன காரணம் இருக்கும்? நான் வைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு நூலுக்காக என் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை அடகு வைத்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மே 17, வெள்ளி

நாளையும் நாளை மறுநாளும் ஆபீஸ் கிடையாது. திங்கட்கிழமை கடைசி நாள். இன்றைக்குப் போட்டால்தான் திங்கட்கிழமைக்குள் வரும். காலை ஒன்பதரைக்கு மையத்தில் போய் உட்கார்ந்தேன். கம்பெனிக்குச் சொல்லவில்லை. பாப்பா மடியில்.

பதினோரு மணிக்குள் மூன்று தடவை நம்பர் அனுப்பி, மூன்றும் காலாவதி. ஷர்மிளா மற்ற ஆட்களைக் காத்திருக்கச் சொன்னாள். ஒரு பெரியவர் முணுமுணுத்தார். அவருக்குக் குரல் பதிவு போட்டேன். அப்படியே எழுதுகிறேன்: “நான் சொன்னது பொய்யின்னா என்னைத் திட்டுங்க. நிசம்னா நம்பரைச் சொல்லுங்க. உங்ககிட்ட இனி ஒண்ணும் கேக்கமாட்டேன். இவளுக்கு எம் மேசைக்கு அடியில இருந்து வெளிய வர ஒரு எடம் வேணுங்க.”

பன்னிரண்டே காலுக்கு அவரே கூப்பிட்டார். மூன்று வருஷத்தில் அவராகக் கூப்பிட்டது இதுதான்.

“அனுப்பச் சொல்லு.”

ஷர்மிளா அழுத்தினாள். வரும்வரைக்கும் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தோம்.

“சைபர் ஆறு மூணு மூணு ஒம்பது ஒண்ணு.”

விண்ணப்பம் போய்விட்டது. அவர் என்னைத் திட்டவில்லை.

மே 20, திங்கள்

மூன்றேகாலுக்கு வருமானச் சான்று வந்தது. விண்ணப்பப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஊரே கடைசி நாளில் உட்கார்ந்திருக்கும் போல. நாலு ஐம்பதுக்கு ஏறியது. தந்தை கையெழுத்து, தாய் கையெழுத்து, பாதுகாவலர் என்று மூன்று கட்டம். தாயில் போட்டேன். போன் நம்பருக்கு என்னுடையது.

கம்பெனியில் இரண்டு நாள் சம்பளப் பிடித்தம். துரைராஜ், “கெடச்சுருமா?” என்று மட்டும் கேட்டார். அறுபத்தெட்டுப் பேர் போட்டிருக்கிறார்கள், குலுக்கல்தான் என்றேன்.

மே 21, செவ்வாய்

ஆதார் மையத்தில் பெருவிரல் வைத்து நம்பரை மாற்றக் கொடுத்தேன். விரலில் ஸ்டிக்கர் பசை ஒட்டியிருந்ததில் மூன்று தடவை எடுத்தார்கள்.

மே 25, சனி

மாறிவிட்டது. ரேஷன் கார்டிலும் மாற்றியாயிற்று. ஷர்மிளா சோதித்துப் பார்க்க ஒரு நம்பர் அனுப்பினாள். என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. நானே படித்துச் சொன்னேன்.

மே 28, செவ்வாய்

பள்ளி ஹாலில் குலுக்கல். அறுபத்தெட்டுக் குடும்பம், காற்றாடி நான்கு. எவர்சில்வர் குண்டானில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, கூட்டத்திலிருந்த ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னார்கள். அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்தார். பிள்ளை பெயர், தந்தை பெயர். பிள்ளை பெயர், தந்தை பெயர். எட்டுவரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஜூன் ஒன்றாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள். வேலையை விட்டுவிட்டால் எந்த வீட்டில் பாத்திரம் துலக்கப் போகலாம், எந்த வீட்டில் பிள்ளையோடு விடுவார்கள் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

பதினொன்றாவது சீட்டில் அதிகாரி ஒரு நொடி நின்றார். “தன்ஷிகா. தாய் பெயர், கோகிலா.”

ருக்மணியக்கா பின்னாலிருந்து கத்தியதுதான் எனக்குக் கேட்டது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் கன்னத்தைத் தொட்டு, “ஏம்மா தண்ணி?” என்றாள். யார் யாரோ கை கொடுத்தார்கள். அக்கா சேர்க்கைப் படிவம் வாங்க வரிசைக்கு ஓடினார்.

நான் வெளியே வந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் என்னைப்போலவே சந்தோஷப்பட உலகத்தில் இன்னும் ஒரு ஆள்தான் இருக்க முடியும், அவளைப் பெற்ற ஆள். இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று சொன்னவள்தான் நான். கேட்கத்தானே கூடாது, சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். கூப்பிட்டேன்.

உடனே எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“இரு கோகி, பாக்கறேன்... ஒண்ணும் வரலையே. இன்னொருக்கா அனுப்பச் சொல்லு.”

ஹாலுக்குள் அடுத்த பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் வரல. வந்ததும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்” என்றார்.

சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.